புரட்டாசிப் பட்டியலில் பதின்மூன்றாவது ஆள்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் தொழிற்சாலையின் பிரஸ் பகுதியில் பதின்மூன்று பேர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததுமே மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். கேன்டீனில் அவர்கள் வாங்காமல் விட்ட பதின்மூன்று எண் டோக்கன்கள் அவர் மேசையில் ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன.

“விரதமா, ஸ்டிரைக்கா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். விசாரிச்சு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க.”

அது 1991. சமூகப் பணியில் முதுகலை முடித்த கையோடு, மண்ணூரை அடுத்து நெடுஞ்சாலையோரம் இருந்த அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர் நலப் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. இரும்புத் தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி வண்டி பாகங்கள் செய்கிற இடம். நலம் என்ற சொல் என் அறைக் கதவில் எழுதியிருந்ததே தவிர, பெரும்பாலும் நான் செய்தது பட்டியல்கள் தட்டச்சு செய்வதுதான். ஷிப்டுப் பட்டியல், விடுப்புப் பட்டியல், மருத்துவப் பரிசோதனைப் பட்டியல். ஒருவர் சாப்பிடாததைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மேலாளரின் கேள்வியை இன்றைய வாசகர் வேடிக்கையாக நினைக்கலாம். அந்த ஆண்டு அப்படியில்லை. மே மாதத்தில் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலையை உலகமே அறியும். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யாரும் யாரையும் நம்பவில்லை. வாடகைக்கு அறை கேட்டால், சொந்த ஊர் எது, எதற்கு இங்கே வந்தாய், யார் பார்க்க வருவார்கள் என்று வீட்டுக்காரர்கள் துருவினார்கள். வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிளைப் போலீஸார் நிறுத்திச் சோற்று டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். டப்பா இல்லாமல் போகிறவனிடம் டப்பா ஏன் இல்லை என்று கேட்டார்கள். எனக்கே தெற்கத்திப் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்ததால் இருமுறை நிறுத்தப்பட்டேன். அப்படியொரு ஆண்டில், ஒரே பகுதியில் பதின்மூன்று பேர் ஒரே நாளில் சோற்றை ஒதுக்கினால் அதை வெறும் பக்தி என்று ஏற்றுக்கொள்ள ஒரு மேலாளருக்கு மனம் வராது.

அவருக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முந்தைய ஆண்டுப் புரட்டாசியில் பிரஸ் பகுதியில் நாலைந்து பேருக்கு மேல் சாப்பிடாமல் இருந்ததில்லை. இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது அவர் ஒரு டோக்கனைத் தனியே எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“பன்னெண்டு பேரு பெருமாளுக்கு இருக்கான். சரி. இவன் யாருக்கு இருக்கான்? இவன் கிறிஸ்டியன்.”

அது ஏழாம் எண் பிரஸ்ஸில் வேலை செய்தவருடைய டோக்கன்; தொடர்ந்து மூன்றாம் சனிக்கிழமையாக எடுக்காமல் விட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். தண்டலம் பக்கத்துக் கிராமம். இரண்டு ஆண்டுகளாகத் தற்காலிகத் தொழிலாளி. அந்த மாத முடிவில் நிரந்தரம் ஆக வேண்டியவர். நிரந்தரம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறுவது. மேலாளர் வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதப்போகும் பக்கத்தின் மீதுதான் அது நிற்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

விரதத்தை நான் வெறுத்தவனில்லை. சந்தேகப்பட்டவன். அந்தச் சந்தேகம் வீட்டில் தொடங்கியது. என் தந்தை கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடாததால் அம்மாவும் சாப்பிட மாட்டார். இரண்டாம் நாள் யாராவது ஒருவர் தோற்றுப்போவார். அது எப்போதும் அம்மாதான். பிறகு அம்மா தனக்கென்று சஷ்டி, கிருத்திகை, சனிக்கிழமை என்று நாட்களை வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் அவர் சாப்பிடாததற்குத் தந்தையின் கோபம் காரணமில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. படிப்பின் கடைசி ஆண்டில் கள ஆய்வுக்காக வீடு வீடாகப் போய், நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அரிசி இல்லாத வீடுகளில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேற்று விரதம் என்றார்கள். ஒரு வாரத்தில் நான்கு விரதம் சொன்ன வீடும் உண்டு. படிவத்தில் விரதத்துக்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து, ஒருவர் விரதம் என்று சொன்னால் அதற்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்றே என் மனம் தேடிப் பழகியது. மேலாளரின் சந்தேகமும் என்னுடையதும் வெவ்வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஆனால் ஒரே கேள்வியில் வந்து நின்றன.

முதலில் கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மிஞ்சிப்போன சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் துக்க வீட்டில் உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

“சோத்துல கல்லு கெடந்துச்சுன்னு எவனாச்சும் சொன்னானா தம்பி? சொல்லுங்க. நேர சொல்லட்டும். இவனுவ என்னைய வெளிய தள்ளப் பாக்கானுவ. பெருமாள் பேரச் சொல்லி எங்கழுத்தறுக்கானுவ.”

“போன மாசம் சாம்பாரைப் பத்திப் புகார் வந்ததே அண்ணாச்சி?”

“சாம்பாரு வேற, சாமி வேறல்லா! சாம்பாருக்குப் போயி எவனாவது நாமம் போடுவானா?”

நாமம் போட்டுக்கொண்டு வந்தவர் டை செட்டர். பிரஸ்களில் அச்சு பொருத்தித் தருகிற மூத்த தொழிலாளி; ஒரகடம் பக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். நான் குறிப்பேட்டைத் திறந்ததுமே பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“டேய், எல்லாரும் வாங்கடா. எம்.ஏ. சாரு பெருமாளுக்கு மெமோ குடுக்க வந்துகீறாரு.”

“மெமோ இல்லண்ணே. போன வருஷம் நாலு பேரு, இந்த வருஷம் பதின்மூணு பேரு. அதான் கேக்கறேன்.”

“போன வருசம் ரெண்டு ஷிப்டு சார். செகண்டு ஷிப்டுக்காரன் பகல்ல வூட்ல தளிகை போட்டு, கோவிந்தா சொல்லி, துன்னுட்டு வந்துருவான். இப்போதான் செகண்டு ஷிப்டே இல்லியே. எல்லாரும் பகல்ல இங்க கீறோம். சாயங்காலம் வூட்டுக்குப் போயிதான் வாய்ல வெக்கணும். இதுக்கு இன்னாத்துக்கு நோட்டு பென்சிலு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. மே மாதத்துக்குப் பிறகு, இருட்டிய பின் சாலையில் சோதனை அதிகம் என்று இரண்டாம் ஷிப்டை நிறுத்தினார்கள். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்ததே நான்தான். பக்திக்கும் கலகத்துக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்த ரகசியம் என் மேசை இழுப்பறையில் ஒரு ஷிப்டுப் பட்டியலாகக் கிடந்தது.

பன்னிரண்டு பேர் கணக்குத் தீர்ந்தது. பதின்மூன்றாவது ஆள் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. ஏழாம் பிரஸ்காரர் தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அருகே போய்ப் பார்த்தேன். கழுத்துப்பட்டை முழுக்க வியர்வை. மற்றவர்களும் பட்டினிதான், மற்றவர்களுக்கு அப்படி வியர்க்கவில்லை. தகட்டை அச்சுக்குள் நகர்த்தும் கை லேசாக நடுங்கியது. மேலிருந்து பல டன் எடையோடு இறங்குகிற இயந்திரம் அது. ஒரு நொடி பிந்தினால் விரல் போய்விடும்.

“சாப்பிடலையாமே?”

“பசி இல்ல சார்.”

“மூணு சனிக்கிழமையும் பசி இல்லையா?”

அவர் அடுத்த தகட்டை எடுத்தார். அப்போதுதான் எனக்கு அவர்மீது உண்மையான சந்தேகம் விழுந்தது.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். அவர் இன்னும் மாதா கோயிலிலிருந்து திரும்பவில்லை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி, நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் வாளியைக் கீழே வைத்தார்.

“நல்ல வேள வந்தீங்க சார். நானே கேக்கணும்னு இருந்தேன். சனிக்கெழம ஆனா அவரு ஒரு பருக்க துன்றதில்ல. வெள்ளிக்கெழம ராவுலேர்ந்தே வேணாங்கறாரு. கம்பெனில இன்னா சார் பண்றீங்க அவர?”

“நாங்க ஒண்ணும் பண்ணலம்மா. அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்றதில்ல. கோயில்ல எல்லாரும் ஒரு மாரி பாக்கறாங்கோ. செட்டரோட சேந்துகினு பெருமாளு பக்கம் போயிட்டாரான்னு உபதேசியாரு என்னிய கேக்கறாரு சார். நான் இன்னான்னு சொல்றது?”

அப்போது அவர் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. மனைவியிடம் தேநீர் போடச் சொல்லிவிட்டு, என்னை வீட்டுக்குப் பின்னால் அடிகுழாய்ப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே கூரைச் சரிவில் செருகியிருந்த ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், மரக் கவ்வி, சிறு புட்டியில் நீல நிற மருந்து. அந்தக் காலத்தில் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற மருந்து அது. அதில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறி, மிகுதியானால் செங்கல் நிறத்துக்குப் போகும்.

“எம் மச்சான் ஒரு டாக்டருகிட்ட கம்பவுண்டரா கீறான் சார். அவன்தான் குடுத்தான். சக்கர கீதுன்னு ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சுது. மாத்தர துன்றேன். வூட்ல தெரியாது.”

எனக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. நிரந்தரம் ஆகப்போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. கம்பெனி மருத்துவர் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு வருவார். ஒவ்வொரு வாரமும் நாலைந்து பேரைக் கூப்பிடுவார். எந்த வாரம் யார் என்பது முன்கூட்டித் தொழிலாளர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர் எல்லாச் சனிக்கிழமையும் தயாராக இருந்தார். வெள்ளி இரவிலிருந்து பட்டினி, காலையில் வழக்கமான ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு.

“நேத்து சாயங்காலம் வந்து காச்சிப் பாத்தேன் சார். சுத்தமா நீலம்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. “தவக்காலத்துல நாப்பது நாளு ஒரு வேளை சாப்பாட்டுல இருந்தவன் நானு. இது இன்னா பெருசு?”

“அப்ப இதுவும் விரதம்தானா?”

“அது ஆண்டவருக்கு இருந்தது சார். இது டாக்டருக்கு.”

தனியே ஒருவன் சாப்பிடாமல் இருந்தால் கண்ணில் படும். புரட்டாசியில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். பன்னிரண்டு நாமக்காரர்களுக்கு நடுவில் ஒரு சிலுவைக்காரன் நின்றால், அவன் ஒருவனாலேயே பன்னிரண்டு பேரும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் சொன்னபோது மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் விளைவுகளை எடை போட்டேன். உண்மையை எழுதினால் வேலைநிறுத்தச் சந்தேகம் ஒழியும். அவர் உடல் தகுதியில்லாதவர் என்று வெளியேற்றப்படுவார். மறைத்தால் நாலாம் சனிக்கிழமையும் வெறும் வயிற்றில் இரட்டை மாத்திரையோடு அந்த இயந்திரத்தின் முன் நிற்பார். நடுங்கும் அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த பின்பு பார்க்காதவன் போல இருக்க என் படிப்பு இடம் தரவில்லை.

திங்களன்று அறிக்கை கொடுத்தேன். ஷிப்டு மாற்றத்தை விளக்கி, பன்னிரண்டு பேரும் வழக்கமான புரட்டாசி விரதமே இருந்தார்கள் என்று எழுதினேன். பதின்மூன்றாமவரைப் பற்றி, உடன் வேலை செய்பவர்கள் சாப்பிடாதபோது தான் மட்டும் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை என்று ஒரு பொய் எழுதினேன். அழகான பொய் என்று அப்போது நினைத்தேன்.

மேலாளர் அந்த வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டார்.

“கூட இருக்கறவன் சாப்பிடலன்னா இவனும் சாப்பிட மாட்டானா? நல்லா கண்டுபிடிச்சீங்க. அதுக்குப் பேருதான் சார் யூனியன்.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “வர்ற சனிக்கிழமை கடைசி. அன்னிக்கு நான் கேன்டீன்ல இருப்பேன். இவன் சாப்பிடறானா பாப்போம். சாப்பிட்டா சரி. இல்லன்னா மாசக் கடைசியில கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்.”

ஆக, என் பொய் ஏழாம் பிரஸ்காரரை இன்னும் நெருக்கமான கண்ணியில் மாட்டிவிட்டது. இப்போது அவர் சாப்பிட்டே ஆக வேண்டும். மறுபுறம் யோசித்தால் அதுவே நல்லதாகவும் தோன்றியது. சாப்பிட்டால் மேலாளரின் சந்தேகம் தீரும், கையும் நடுங்காது. நாலாம் சனிக்கிழமைக்கான மருத்துவப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அதில் நான்கு பெயர்கள். அவர் பெயர் இல்லை. அவருக்கு அடுத்த வாரம்தான் வரும். அதற்குள் ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம். நான் சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்பியவன்.

வழி தேடித்தான் வியாழக்கிழமை மாலை ஸ்ரீபெரும்புதூரில் மருத்துவரின் கிளினிக்குக்குப் போனேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், நிதானமாகப் பேசுவார். விரதம் உடம்புக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டேன். அவருக்குப் பிடித்த விஷயம். லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே மேலான மருந்து என்று தொடங்கி, திடமான உடம்புக்கு மாதத்தில் இரண்டு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதில் கேடில்லை என்றார். பட்டினி கிடந்துவிட்டு மறுநாள் இரண்டு மடங்கு தின்கிறவர்களைக் கேலி செய்தார். ஏகாதசிக்குத் தன் வீட்டில் செய்கிற பலகாரங்களை எண்ணிக் காட்டிச் சிரித்தார்.

“சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா?”

“அதுதான் ஆபத்து. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை மடமடன்னு எறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். படுத்திருந்தா பரவாயில்லை. மெஷின்ல நின்னா?” அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். “யாருக்கு?”

“பொதுவா கேட்டேன் டாக்டர்.”

“பொதுவா கேக்கறதுக்கு மண்ணூர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சு வந்தீங்களாக்கும். பிரஸ் செக்‌ஷனா?”

நான் பெயர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது நினைவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழாம் பிரஸ்காரரைத் தனியே சந்தித்து, நாளைக்குக் கட்டாயம் சாப்பிடுங்கள் என்றேன். மேலாளர் பார்க்கப்போகிறார் என்பதையும் சொன்னேன்.

“டாக்டரு கூப்ட்டா?”

“நாளைக்கு லிஸ்ட்ல உங்க பேரு இல்லை. நான்தான் டைப் பண்ணினேன்.”

“நெசமா?”

“நெசமா. ஒரு மாத்திரைக்கு மேல போடாதீங்க. காலையிலயும் சாப்பிடுங்க.”

அவர் என்னை அதிக நேரம் பார்த்தார். “சரி சார். உங்கள நம்பறேன்” என்றார். அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசிச் சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் பிரஸ்காரர் மட்டும் தட்டோடு உள்ளே வந்தார். சுவரோர மேசையில் மேலாளர் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். ஒப்பந்தக்காரருக்கு வந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது. போன வாரத்து அவமானத்தைத் துடைப்பதற்கென்றே அன்று சர்க்கரைப் பொங்கல் செய்திருந்தார். கடைசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குப் படைத்தது என்று சொன்னால் ஒன்றிரண்டு பேராவது வருவார்கள் என்ற கணக்கு. வந்தவர் ஒருவர்தான். அவர் தட்டில் கரண்டி கரண்டியாக விழுந்தது.

“நல்லா சாப்டுங்க. நீங்க ஒருத்தராவது மனுசன்னு காட்டினீங்களே.”

வெளியிலிருந்து செட்டரின் குரல் கேட்டது. “துன்னு நைனா, துன்னு. மானேஜரு பாத்துகினு கீறாரு. பர்மனென்ட்டுக்கு நெய் ஊத்தித் துன்னு.”

மரத்தடியில் சிரிப்பு. மேலாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் தட்டில் எதையும் மிச்சம் வைக்க முடியவில்லை. சோறு, சாம்பார், பொங்கல் எல்லாவற்றையும் தலை குனிந்து சாப்பிட்டு முடித்தார். மேலாளர் எழுந்து போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேலைநிறுத்தம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் என்று கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நினைத்திருந்தேன்.

இரண்டரைக்கு வந்த மருத்துவர் பட்டியலில் இருந்த நால்வரையும் பார்த்து முடித்தார். பிறகு பிரஸ் பகுதியில் நிரந்தரத்துக்கு நிற்பவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று முதலுதவி அறை ஊழியரிடம் கேட்டார். மூவர். மூவரையும் இன்றே வரச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தகவல் தெரிந்து ஓடிப் போனபோது அவர் கையில் கண்ணாடிக் குழாய் இருந்தது. ஸ்பிரிட் விளக்கின் மேல் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். ஏழாம் பிரஸ்காரர் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மருத்துவர் கெட்டவர் இல்லை. இயந்திரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை, சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை என்று எழுதினார். மேலாளர் நிரந்தரத்தை நிறுத்தி, தற்காலிகமாகவே பேக்கிங் கொட்டகைக்கு மாற்றினார். திங்களன்று இடமாற்ற உத்தரவு வாங்க என் அறைக்கு வந்தவர் உட்காரவில்லை.

“லிஸ்ட்ல பேரு இல்லன்ன.”

முதன்முறையாக என்னை ஒருமையில் பேசினார்.

“இல்லைதான். நான் அடிச்சதில இல்லை.”

“அப்போ டாக்டருக்குக் கனா வந்துச்சா? நீ துன்னுன்ன, நான் துன்னேன். அன்னிக்கே கூப்டறாரு.”

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனதைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், மறைத்தால் அவருடைய சந்தேகம் பொய்யாகிவிடும், அது பொய்யில்லையே.

“பேரு வேற சொல்லணுமா?” என்றார்.

“அந்த மெஷின்ல அப்படியே நின்னிருந்தா ஒரு நாள் விரல் போயிருக்கும். அதை நினைச்சுதான்…”

அவர் இரண்டு கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தார். “பத்தும் கீது. வேல கீதா?” உத்தரவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேக்கிங் கொட்டகையில் அவரோடு யாரும் அதிகம் பேசவில்லை. மேலாளர் பார்க்கச் சாப்பிட்டவர் என்பதால் பிரஸ்காரர்கள் அவரை ஆள்காட்டி என்றார்கள். உண்மையான காரணம் தெரிந்தும் செட்டர் மட்டும் நீண்ட நாள் நம்பவில்லை. வீட்டில் விஷயம் தெரிந்துபோய், அவர் மனைவி கேழ்வரகும் கீரையுமாகக் கட்டிக் கொடுத்த டப்பாவை அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் மறுபரிசோதனை நடந்தது. ஒரு வாரம் முன்னதாகவே நாளைச் சொல்லிவிட வேண்டும் என்று மருத்துவரிடமும் மேலாளரிடமும் வற்புறுத்தி, அப்படியே அறிவிப்பு ஒட்டியிருந்தேன். அவருக்குச் செய்ய முடிந்த நியாயம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன். குழாயில் நிறம் மாறவில்லை. மருத்துவர் திருப்தியோடு கையெழுத்திட்டார். பேக்கிங் பிரிவில் நிரந்தரம் செய்ய மேலாளரும் ஒப்புக்கொண்டார்.

உத்தரவைத் தட்டச்சு செய்து முடித்து அவரை வரச் சொன்னேன். இளைத்திருந்தார். சிகிச்சையால் இளைத்தாரா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. நாளை முன்கூட்டிச் சொன்னது நியாயம்தான். ஆனால் நாள் தெரிந்தவன் அதற்குத் தயாராகவும் முடியும். அவர் காகிதத்தை இருமுறை படித்தார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

“டெஸ்ட்டு அன்னிக்குக் காலையில சாப்பிட்டுதானே வந்தீங்க?”

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டார்.

“கேட்டு எங்கியாவது எழுதப் போறீங்களா சார்?”

“இல்லை.”

“அப்போ சாப்ட்டேன்னு வெச்சிக்கோங்க.”